சாயங்காலப் பேடா

"என் மேல அடிக்கிற நாத்தம்தான் மேடம் காரணம். வேற ஒண்ணும் இல்ல. வேலை முடிச்சி வந்து நான் பக்கத்துல உக்காந்தா போதும், பாப்பா கன்னத்துல அடிச்சிக்க ஆரம்பிச்சிடுது" என்றார் இன்பராஜ்.

"நாத்தம் இல்லப்பா" என்றாள் அம்பிகா.

யாரும் திரும்பவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அம்பிகாவின் சொல் அவள் வீட்டுக் கூடத்தைக்கூடத் தாண்டியதில்லை.

வேலூரில், பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் மையம் அது. சுவரெல்லாம் படங்கள், மூலையில் மரப் பொம்மைகள். மின்விசிறி அரைத் தூக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பாறை மலையும் வெயிலில் கண்ணயர்ந்து கிடந்தது. உள்ளே விழுந்த வெளிச்சக் கோட்டில் தூசி நீந்துவதைப் பார்த்தபடி, ஒரு காதை மட்டும் பேச்சுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள் அம்பிகா.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள் பயிற்சியாளர் மெஹக்.

"பொங்கலுக்கு அப்புறம்தான் மேடம்" என்றாள் அம்மா சம்பூர்ணம். "முன்னல்லாம் அப்பான்னா உசுரு. வண்டி சத்தம் கேட்டாலே வாசல்ல போய் நின்னுக்கும். இப்ப அவர் வந்தாலே அடிச்சி அடிச்சி கன்னம் வீங்கிப் போவுது. அக்கம்பக்கத்துல ஒரே பேஜாரு. அதான், வர்ற திங்கக்கிழமை ஒரு ஹோம்ல சேத்துடலாம்னு..."

முடிக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஹோம் வேணாம்மா" என்றாள் அம்பிகா. அப்பா வராத ஒரு சாயங்காலத்தை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த அந்த வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிடும். அம்பிகாவுக்கு அது பிடிக்கும். மூக்கில் பட்டதும் நெஞ்சு நிறைந்துவிடும். இப்போதெல்லாம் அதைக் கழுவித் தொலைத்துவிட்டு, யாரோ விருந்தாளி மாதிரி சந்தன சோப்பு மணக்க வருகிறார். பாவம் அப்பா.

"கம்பெனியிலயே சோப்பு போட்டு தேச்சி தேச்சி குளிக்கிறேன் மேடம். சட்டைய மாத்திக்கிறேன். கம்மியாவல, இன்னும் ஜாஸ்திதான் ஆவுது. வேலைய வுட்டுடலாம்னா எனக்கு வேற இன்னா தெரியும்?"

"லீவு நாள்ல எப்படி அண்ணா?"

"ஞாயித்துக்கிழமை அடிச்சிக்கிறதே இல்ல. அதான் சொல்றேனே, அன்னிக்கு என் மேல தோல் நாத்தம் இல்ல பாருங்க."

ஊரே கைகழுவிய ஆளைப்போல் அவர் தலைகுனிந்து கொண்டார். மெஹக் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி கேட்டாள்.

"வீட்டுக்குள்ள வந்ததும் என்ன பண்ணுவீங்க? நடக்கறத அப்படியே ஒண்ணு விடாம சொல்லுங்க."

"இன்னா பண்ணுவேன்... பாப்பா பக்கத்துல உக்காருவேன். பேடா ஊட்டுவேன்."

"பேடாவா?"

"மக்கன் பேடா மேடம், ஜீரால ஊறுன ஸ்வீட்டு. எங்க வூடு காவேரிப்பாக்கம். வர்ற வழியில ஆற்காட்டுல வண்டிய நிறுத்தி வாங்கிக்குவேன். பாப்பாவுக்கு ரொம்பப் புடிக்கும். நாத்தத்துக்குக் கோச்சிக்குதேன்னு இப்ப ஜாஸ்தியாவே வாங்கறேன். அழுவ அழுவ, சமாதானமாவட்டும்னு இன்னொண்ணு ஊட்டுவேன்."

"அதேதான்" என்றாள் அம்பிகா. எதிரே இருந்த மலை விழித்துக்கொள்ளும் அளவுக்குக் கத்தியதாக அவளுக்குத் தோன்றியது. மின்விசிறி மட்டும் கிரீச்சென்றது.

"ஞாயித்துக்கிழமை பேடா உண்டா?" என்றாள் மெஹக்.

"எங்க மேடம்? கம்பெனி லீவாச்சே. ஆற்காடு பக்கமே போவ மாட்டேன்."

மெஹக் மேசை இழுப்பறையிலிருந்து சில படங்களை எடுத்து, மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். வயிறு, காது, தலை, பல், தொண்டை.

"பாப்பாகிட்டயே கேட்டுடலாம்" என்றாள்.

"அதுக்கு எப்பிடி மேடம்... பேச்சே கிடையாதே" என்றாள் சம்பூர்ணம்.

"வாய்தானேக்கா பேசாது. கை இருக்கே."

படங்களின் மேல் தன் விரலை ஓட்டிக் காட்டினாள் மெஹக். "பாப்பா, எங்க வலிக்குது? தொட்டுக் காட்டும்மா." கேட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். கேள்வி கேட்டுவிட்டு இப்படிக் காத்திருக்கும் ஒருத்தியை அம்பிகா இதுவரை பார்த்ததில்லை. வழக்கமாக, கேட்கிறவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள்.

அம்பிகா மெதுவாக எழுந்தாள். வெளிச்சக் கோட்டைக் கடந்து வந்து, விரலைப் பல் படத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

"பாப்பா..." என்று எழுந்த இன்பராஜ், பத்தொன்பது வயது மகளின் வீங்கிய கன்னத்தைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு விம்மினார். அம்பிகா பிறந்ததிலிருந்து அடுத்தவர் காதில் விழும்படி பேசிய முதல் வார்த்தை, அவள் விரல் தொட்ட அந்தப் பல்தான்.