நாள் வாடகை

மகளின் எதிர்காலத்துக்கு ஓர் இரவு விலை ஆயிரத்து எண்ணூறு. துண்டும் போர்வையும் தனி.

தையல்காரரின் மனைவி ஐந்து இரவுகளுக்கும் மொத்தமாகக் கட்டிவிட்டாள். அவள் காதில் தோடு இருந்த இடத்தில் இப்போது கணவன் கடையின் கறுப்பு நூல் இருந்தது.

மூன்றாவது நாள் மதியம் நகராட்சி அலுவலர் வந்தார். தோளில் ஒரு பை, பைக்குள் அரக்கு, முத்திரை, சணல். உள்ளே நுழைந்தவர் பின்னால் கதவைச் சாத்தப் பார்த்தார். அது மாட்டேன் என்றது.

"கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க சார்," என்றாள் அவள், அடுப்படியிலிருந்து தலையைக்கூட நீட்டாமல். "மழைக்காலத்துல உப்பிச்சுன்னா, சித்திரை வெயில் வர்ற வரைக்கும் அது அப்படித்தான்."

அலுவலர் தூக்கிச் சாத்தினார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். "குடியிருப்புத் தெருவுல வீட்டை நாள் வாடகைக்கு விடக் கூடாது. இந்த வீட்டுக்கு சீல் வைக்கணும். சாமானை எடுங்க."

உள்ளறையில் மகள் கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். நாளைக்குக் கணக்கு, அதற்கு மறுநாள் அறிவியல். பொதுத் தேர்வு நடக்கும் பள்ளி தெருக்கோடியில் இருந்தது. இங்கிருந்து கிளம்பினால் போக்கிடம் அத்தை வீடு ஒன்றுதான். பஸ்ஸில் மூன்று மணி நேரம். அங்கே கூடத்தில்தான் படுக்கை, அந்தக் கூடத்தில்தான் டிவி.

இந்த மாதிரி நேரத்துக்கென்று வீட்டுச் சொந்தக்காரர் ஒரு பொய்யைச் சொல்லிக் கொடுத்திருந்தார். தையல்காரர் அதை எடுத்து விட்டார்.

"வாடகையெல்லாம் இல்ல சார். வீட்டுக்காரர் என் மச்சான். சும்மா விருந்தாளியா வந்திருக்கோம்."

அலுவலர் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளை நிதானமாகப் படித்தார். "துண்டு அம்பது. போர்வை நூறு. பதினோரு மணிக்கு மேல இருந்தா அரை நாள் வாடகை." கண்ணாடியைக் கழற்றினார். "தங்கமான மச்சான்."

தையல்காரர் அசடு வழிந்தார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏங்க, நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க. சார், பொய்தான், தப்புதான். அபராதத்தை வீட்டுக்காரர்கிட்ட நல்லா கறந்துடுங்க. எங்களுக்கு ரெண்டு நாள் மட்டும் குடுங்க. பரீட்சை முடிஞ்சதும் நானே சாவியைக் கொண்டாந்து உங்க மேஜைல வைக்கறேன்."

"முடியாதும்மா."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்? கணக்கை மட்டும் எழுதிடட்டும்."

"உத்தரவுல இன்னைக்குத் தேதி போட்டிருக்கு."

"இந்த ராத்திரி மட்டும் சார். விடியறதுக்குள்ள போயிடறோம். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

பேரம் என்றால் ஒருவர் இறங்க வேண்டும், இன்னொருவர் ஏறி வர வேண்டும். இங்கே இறங்கியது அவள் மட்டும்தான். இறங்கி இறங்கி, "சாயங்காலம் வரைக்குமாவது?" என்ற இடத்தில் வந்து நின்றாள்.

அலுவலருக்கே சங்கடமாகிவிட்டது. "என்னைக் கல்நெஞ்சுக்காரன்னு நினைக்காதீங்கம்மா. இந்தத் தெருவுல முப்பது வீடு இப்படிப் போயிருச்சு. இதே வீட்டுல ஏழு வருஷமா மாச வாடகைக்கு ஒரு குடும்பம் இருந்திருக்கு. அவங்களைக் கிளப்பிட்டுத்தான் நாள் வாடகைக்கு விட ஆரம்பிச்சாரு உங்க மச்சான். அந்தக் குடும்பத்து அம்மா ஒரு புகார் மனு போட்டாங்க. படிச்சா கண்ணுல தண்ணி வந்துரும். 'எங்களுக்கு வேற வீடு கிடைக்கலை, இங்க வர்ற ஆளுங்களை வெளியேத்துங்க'ன்னு கெஞ்சியிருந்தாங்க. உங்களுக்காச்சும் ஊருல வீடு இருக்கும். அவங்க எங்க கிடக்கறாங்களோ?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்ப போட்ட மனு சார்?"

"பதினாலு மாசம் ஆச்சு. வரிசைப்படிதானே எடுக்க முடியும்?"

அதற்குப் பிறகு அவள் பேரம் பேசவில்லை. தையல்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் கண்ணாலேயே அடக்கிவிட்டாள். மடித்தும் மடிக்காமலும் துணிகளைப் பெட்டியில் திணித்தாள்.

"அம்மா, அப்ப நாளைக்கு?" மகள் புத்தகத்தை மூடாமலே எழுந்து வந்தாள்.

"அத்தை வீட்டுலேருந்து நாலு மணிக்கு முதல் பஸ்ஸு. மடியில வச்சுப் படிச்சுக்கலாம் கண்ணு, கிளம்பு."

வாசலில் மூன்று பெட்டிகள், ஒரு கணக்குப் புத்தகம், மூன்று பேர். அலுவலர் பூட்டைச் சணலால் சுற்றி, தீக்குச்சி கிழித்து அரக்கை உருக்கி, முத்திரையை அழுத்தினார். சூடு ஆறும்வரை ஊதினார். பிறகு பையிலிருந்து அந்த மனு இருந்த ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"வேலை முடிஞ்சும் முடியலை. மனு போட்டவங்க 'குறை தீர்ந்தது'ன்னு கையெழுத்துப் போட்டாத்தான் இதைக் கணக்குல முடிக்க முடியும். அவங்க போன் நம்பரும் இப்ப வேலை செய்யலை. நான் அந்தம்மாவை எங்கன்னு போய்த் தேட?"

தையல்காரரின் மனைவி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"வந்த மனு ஒண்ணு, தீர்ந்த மனு ஒண்ணு. பேனாவைக் குடுங்க சார், அந்தம்மா நான்தான்."