பாலம் பொறித்த நாணயம்

“ஓரத்துல நல்ல நீலம். உள்ளே வர வர ஊதா. நடுவுல, பாலத்துக்கு மேலே, தேன் நிறம்.”

மனைவி சொல்லச் சொல்ல, கடிகாரக்காரர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பார்வை போய் எட்டு மாதம் ஆகிறது.

கதவு திறந்திருக்கவே உள்ளே வந்துவிட்ட நாணயச் சங்கச் செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் விரலிடுக்கில் இருந்த வெள்ளி நாணயத்தில் நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. புது ஸ்பூன் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

பாலம் திறந்ததன் நினைவாக வெளியிட்ட நாணயம் அது. முப்பது வருஷம் காற்றுப் பட்டுப் பட்டு, வெள்ளியில் தானாகவே நிறம் ஏறியிருந்தது. அந்த நிறத்துக்காகவே சங்கத்தில் அதற்குத் தனி மரியாதை. கண்காட்சிக்கு இரவல் கேட்கத்தான் செயலாளர் வந்திருந்தார்.

பெட்டியை எட்டிப் பார்த்தார். நாற்பது நாணயங்களும் அதேபோல் பளபளவென்று பல்லை இளித்தன.

அசலை விற்றுவிட்டு வேறு எதையோ வைத்திருக்கிறாள் என்று செயலாளர் முடிவுகட்டினார். கண் தெரியாத மனுஷனை இப்படியா ஏமாற்றுவது?

“குடிக்கத் தண்ணி கொடுங்க அண்ணி” என்று சொல்லி, அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனார்.

“அண்ணனோட நாணயமெல்லாம் எங்கே?” குரலை அடக்கிக் கேட்டார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அதேதான் தம்பி இது. பார்வை மங்கினப்போ, ‘பாலமே தெரியலை, ஒரே கறுப்பா இருக்கு’ன்னாரு. நாணயம்தான் அழுக்காயிடுச்சுன்னு நினைச்சேன். பெட்டியைத் தொட விட்டிருந்தாதானே எனக்கு ஏதாவது தெரியும்? ஆபரேஷன் முடிஞ்சு கட்டைப் பிரிச்சதும் முதல்ல இதைத்தான் பார்ப்பாருன்னு, பல்பொடி போட்டு எல்லாத்தையும் தேய்ச்சு வெச்சேன். கட்டைப் பிரிச்சாங்க. அவருக்கு எதுவுமே தெரியலை.”

“அப்புறம்?”

“பெட்டியைக் கொண்டு வா, நிறத்தைச் சொல்லுன்னாரு. அப்பதான் என்ன காரியம் பண்ணிட்டேன்னு புரிஞ்சுது. வாயில வந்ததைச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஆனா சொல்லிட்டிருக்கேன்.”

“முப்பது வருஷத்து நிறம் அண்ணி! இதை அவர்கிட்ட மறைக்கிறது பெரிய பாவம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“வேண்டாம் தம்பி. அவருக்கு மிச்சம் இருக்கிற சந்தோஷம் இது ஒண்ணுதான்.”

செயலாளர் கூடத்துக்கு வந்தார். உண்மை என்றால் உண்மைதான், அதில் தயவுதாட்சண்யம் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. வழியனுப்ப எழுந்த கடிகாரக்காரர், சுவரைத் தடவிக்கொண்டே அவரோடு வாசல்வரை நடந்தார்.

“அண்ணே, ஒரு விஷயம். மனசைத் திடப்படுத்திக்குங்க...”

“நாணயத்தைத் தேய்ச்சுட்டா. அதானே?”

“உங்களுக்கு எப்படி...?” என்றார் செயலாளர்.

“நாப்பது வருஷம் கடிகாரத்தைப் பிரிச்சுப் பூட்டின கை. எடுத்த உடனே விரல் சொல்லிடுச்சு. அது போகட்டும், போன வாரம் ஓரம் பச்சைன்னா, இந்த வாரம் நீலம்ங்கறா. நாணயம் என்ன பச்சோந்தியா?” சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கலை. இல்லேன்னு சொல்லலை.”

“பின்னே ஏன் சும்மா இருக்கீங்க?”

“முப்பது வருஷமா அவளை அந்தப் பெட்டிப் பக்கமே விட்டதில்லை செயலாளரே. இப்ப ஒவ்வொண்ணையும் அரை மணி நேரம் பார்த்துப் பார்த்துச் சொல்றா. பாலத்துக்குக் கீழே ஒரு சின்னப் படகு, அதுல ஒருத்தன் குனிஞ்சு உட்கார்ந்திருக்கான்னு போன மாசம் சொன்னா. நகத்தால தடவினேன். நிஜமாவே இருக்கான்! நிறத்தையே பார்த்துட்டிருந்த என் கண்ணுல அவன் ஒரு நாளும் பட்டதில்லை.”

செயலாளர் கூடத்திலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“கண்காட்சிக்குக் கேட்கத்தானே வந்தீங்க? தர மாட்டேன்னுட்டான், சரியான கஞ்சன்னு சங்கத்துல சொல்லிடுங்க” என்றார் கடிகாரக்காரர். “எனக்குத் தெரியும்னு மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா, அப்புறம் அவ அந்தப் பெட்டியைத் திறக்கவே மாட்டா.”