ஆயில் லைட்

"என் சம்சாரம் பொய் சொல்றாங்கறது இன்னிக்குத் தெரிஞ்சாகணும். அதுக்குத்தான் வண்டியைக் கொண்டுவந்தேன்," என்றார் கணவர்.

பிரேக் பிடிக்கவில்லை, புகை வருகிறது என்று வருபவர்களைத்தான் மெக்கானிக் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு கோளாறுக்கு அவரிடம் ஸ்பேனர் கிடையாது. பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார்.

"ஆயில் லைட்டு எரியுது தம்பி," என்றார் மனைவி, காரின் மறுபக்கத்திலிருந்து. "சிக்னல்ல நின்னா போதும், டாஷ்போர்டுல செக்கச்செவேல்னு எரியுது. நாளைக்கு இந்த வண்டியிலதான் பேத்தியை ஊருக்குக் கூட்டிட்டுப் போகப் போறாராம். நடுவழியில எஞ்சின் நின்னு போச்சுன்னா பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

"எந்த லைட்டும் எரியலைன்னு சொல்லுங்க," என்றார் கணவர். "அவளுக்கு வண்டியை விக்கணும். அதுக்கு ஒரு லைட்டு. ஓட்டறது நான். எரிஞ்சா எனக்குத் தெரியாதா?"

நடுவில் ஆள் வைத்துப் பேசும் தூரமில்லை. இருவருக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு பானட்தான். ஆனால் இந்த லைட்டை முன்னிட்டுப் பேச்சுவார்த்தை நின்று சில வாரங்கள் ஆகியிருந்தன. வீட்டில் யார் வழியாகப் பேசிக்கொண்டார்களோ, தெரியவில்லை.

வண்டி பழசு. ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் லைட் அது. உண்மையிலேயே குறைந்திருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும், நாளைப் பயணம் அவ்வளவுதான். மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. விரல் நுனியில் தொட்டுத் தேய்த்தார். ஆயில் தண்ணியாகவும் இல்லை.

"ஆயில் இருக்கு. அது எஞ்சினுக்குள்ள ஒழுங்கா ஏறுதாங்கறதுதான் கேள்வி," என்றார். "மீட்டர் மாட்டிப் பார்த்துடலாம். லைட்டு பொய் சொல்லலாம், மீட்டர் சொல்லாது."

"மாட்டுங்க," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். சொன்ன பிறகு இருவருமே சங்கடப்பட்டுக்கொண்டார்கள்.

எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த, லைட்டை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் மீட்டரின் குழாயை முடுக்கினார். ஸ்டார்ட் செய்து அப்படியே ஓட விட்டார். ஆயில் சூடாகி இளகும்போதுதான் தேய்ந்த எஞ்சினின் வண்டவாளம் வெளியே வரும்.

மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார். பேத்தியின் முகம்தான் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடானதும் கணவர் வந்து பானட்டுக்குள் குனிந்தார். மீட்டர் அவர் மூக்குக்கு நேர் கீழே இருந்தது.

"முள்ளு எங்க நிக்குது?" என்றார்.

மனைவியின் காதில் விழட்டும் என்றுதான் கேட்கிறார் என்று மெக்கானிக்குக்குக் கூடவா புரியாது? உரக்கவே சொன்னார். "பச்சையிலதான் சார் நிக்குது. கொஞ்சம்கூட இறங்கல."

சந்தேகத்துக்கு ஸ்க்ரூட்ரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியில் காதை வைத்தும் கேட்டுப் பார்த்தார். தட்டல் இல்லை, உரசல் இல்லை. இந்த வயதில் இப்படி ஒரு எஞ்சினா என்று அவருக்கே சந்தோஷமாக இருந்தது.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. சுவிட்சுதான் கெட்டுப்போச்சு. பிரஷர் இருந்தாலும் இல்லைன்னு லைட்டை எரிய விடுது. அப்ப லைட்டு எரிஞ்சுதுன்னு அம்மா சொன்னதும் சரி, வண்டி நல்லா இருக்குன்னு சார் சொன்னதும் சரி."

ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்ட திருப்தியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சொன்னது லைட்டு எரியலைன்னு," என்றார் கணவர்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "வண்டி நல்லா இருக்குல்ல, அது போதும் தம்பி. நாளைக்குப் பேத்தியைத் தாராளமா கூட்டிட்டுப் போகட்டும், இனி எனக்குப் பயமில்ல. ஆனா எரியற லைட்டை எரியலைன்னு இத்தனை நாளா சாதிக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியல. கட்டிக்கிட்ட நாள்ல இருந்து என்கிட்ட பொய் சொன்னதே இல்ல இவரு."

அதற்கு மேல் அங்கே நிற்காமல், பட்டறை கேட்டுக்கு வெளியே போய்ச் சாலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

புது சுவிட்ச் போடுவதற்கு முன், பழசை மறுபடி மாட்டித் தன் கணிப்பைச் சரிபார்ப்பது மெக்கானிக்கின் வழக்கம். மாட்டினார். வயரைச் செருகினார். கணவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயில் லைட் சிவப்பாக, பளிச்சென்று எரிந்தது.

மெக்கானிக் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினார்.

"சார், அம்மா வெளியில நிக்கறாங்க. இது நமக்குள்ள இருக்கட்டும். வீம்பு யாருக்குத்தான் இல்ல? எங்க வீட்டுல நானும் இப்படித்தான். ஆனா அழறாங்க, பாவம். இப்பவாவது எரியுதுன்னு போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கணவர் முன்னால் குனிந்தார். ஸ்டியரிங்கின் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் மெல்ல வடிந்து போயிருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க எரியுதுன்னு விரலை வச்சுக் காட்டுங்க தம்பி."