மூன்றாவது சிலிண்டர்

கேத்தரின் எஞ்சினை அணைக்கச் சொல்லவில்லை. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சின் மூடிமேல் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக்கொண்டு குனிந்து நின்றாள்.

டிக், டிக், டிக்.

முனையைக் கொஞ்சம் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம்.

"மூணாவது சிலிண்டர். புகை வெளிய போற பக்கம்," என்றாள்.

கேத்தரின் என் மனைவி. ஜாலான் பேராக் சாலையில் அவள் சொந்தமாகப் பட்டறை திறந்து, அன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை. நான் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாவியைத் திருகுவதுதான். விடுமுறை நாளில் வந்து, வருகிறவர்களுக்குத் தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், கலக்கிக் கொடுப்பேன்.

வந்திருந்தவர் ஷேக் அலாவுதீன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். இரண்டு கதவு வைத்த பழைய சிவப்புக் காடி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருவரிடமிருந்து வாங்கியது. அடுத்த மாதம் சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்குப் பெரிய கேம் போட வேண்டுமாம். வால்வுகளை அமுக்கித் திறக்கிற தண்டுதான் கேம் என்று கேத்தரின் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள்.

அலாவுதீனோடு கார் கிளப் நண்பர்கள் நான்கு பேர், நான்கு காடிகளில் வந்திருந்தார்கள். பொம்பளை மெக்கானிக்கா என்று வாசலில் ஒருவர் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

எஞ்சின் ஆறியதும் கேத்தரின் மூடியைக் கழற்றினாள். மெல்லிய தகடு ஒன்றை ஒவ்வொரு வால்வுக்கு மேலும் நுழைத்துப் பார்த்தாள். மற்ற எல்லா இடத்திலும் அது இறுக்கமாகத்தான் போனது. மூன்றாவதில் மட்டும் மூன்று தகடுகள் சேர்ந்தே நுழைந்தன.

கேம் தண்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். அலாவுதீனின் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டினாள்.

ஒரு மேடு, வழவழப்பு. அடுத்தது, வழவழப்பு. பிறகு அவர் விரல் சட்டென்று நின்றது. அந்த மேட்டின் மூக்கு சப்பையாகி, தோல் உரிந்ததுபோல் கரடுமுரடாக இருந்தது.

"உள்ள வால்வ மூடுறதுக்கு ரேஸ் ஸ்பிரிங் போட்டிருக்கு. இந்தக் கேமுக்கு அது ரொம்ப இறுக்கம். மத்ததும் தேய ஆரம்பிச்சிரும், இது முந்திக்கிச்சு. இந்த ஸ்பிரிங்க வச்சுக்கிட்டுப் பெரிய கேம் போட்டா அதையும் தின்னுரும்லா."

இந்த டிக் டிக் சத்தத்துக்கு இரண்டு பட்டறைகளில் எஞ்சினையே மாற்றச் சொன்னார்களாம். வேண்டாம் என்றாள் கேத்தரின். தினமும் வேலைக்குப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போகிற காடிக்குப் பெரிய கேம் ஆகாது, நின்ற இடத்தில் உதறும் என்றாள். நடுத்தர கேம் போதும். அதற்கென்றே செய்த ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே செட்டாக வரவேண்டும். அதற்கும் முன்னால் எண்ணெய் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். சிப்பாங்கில் ஓட்டுவதென்றால் பிரேக்கையும் மாற்ற வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் நண்பர்களில் ஒருவர் போய்த் தன் காடியின் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு வந்து, வரிசையில் நிற்பதுபோல் நின்றார்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தே ஓவில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்றே மறந்துபோனது.

அலாவுதீனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. யார் இந்த ஸ்பிரிங்கைப் போட்டது? காடியை விற்றவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார், கேட்கவும் முடியாது.

நாராயணன் என்ற நண்பர் வந்ததிலிருந்தே கிளப்பின் இணையப் பக்கத்துக்காகக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது கேத்தரினுக்கு நேரே பிடித்தார்.

"எவன் வேலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க அக்கா. பேரப் போட்டு விட்டுருவோம். இனிமே ஒருத்தனும் அங்க போகக்கூடாது."

"கேத்தரின் இராயப்பன்," என்றாள்.

நாராயணன் சிரித்தார். "உங்க பேரு போர்டுலயே இருக்கு அக்கா. இதச் செஞ்சவன் பேரு?"

"அதத்தான் சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னால, புக்கிட் மெர்தாஜாம்ல வேலை பாத்தப்போ. பழைய ஓனர் கேட்டாரு, போட்டுக் குடுத்தேன். இறுக்கத்த அளந்து பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னோடது."

கைப்பேசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள், நிறுத்தச் சொல்லவில்லை.

இரண்டு காடிகள் பின்வாங்கித் திரும்பிப் போயின. பானெட்டைத் தூக்கி வைத்தவர் அதை மெதுவாக இறக்கி மூடினார். அலாவுதீன் கேம் தண்டை எடுத்து, அந்தச் சப்பை மூக்கை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சாவியை மேசைமேல் வைத்து, எந்தக் கிழமை வரட்டும் என்று கேட்டார். வியாழன், என்றாள் கேத்தரின். வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

பட்டறையைச் சாத்தும்போது கேட்டேன், எப்போது தெரிந்தது என்று.

"மூடியத் தொறந்ததுமே, பேட்ரிக். ஸ்பிரிங்குக்கு நான் வைக்கிற பெயிண்ட் புள்ளி அப்படியே இருந்துச்சு."

அப்படியென்றால் தகட்டை நுழைத்ததும், அந்த மனிதரின் விரலைப் பிடித்து ஓட்டியதும் எல்லாம் தெரிந்தேதான்.

அன்று மாலையே வீடியோ கிளப் பக்கத்தில் வந்துவிட்டது, ஒரு வார்த்தைகூட வெட்டாமல்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அதை எல்லோருக்கும் காட்டினேன். என் மனைவி என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன். கடைசி அரை நிமிடத்தை மட்டும் இரண்டு தடவை.