டேப்லெட்டும் டிவிதான்

"கட் பண்ணுவியோ? எங்க, பண்ணுலே பார்ப்போம்!"

செல்வதுரை போட்ட சத்தத்தில் நாசரேத்தின் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கேபிள்காரன் செந்தூர்வேல் கையில் கட்டிங் பிளேயரோடு ஏணியில் பாதி ஏறி நின்றான்.

பழைய செட்டாப் பாக்ஸை மாற்ற வந்தவன் அவன். வீட்டுக்குள் பார்த்த காட்சியில் கொதித்துப் போயிருந்தான்.

"அண்ணாச்சி, நான் லைன் குடுத்தது டிவிக்கு. நீங்க அதை வைஃபையில ஏத்தி டேப்லெட்ல ஓட்டுதிய. சேனல்காரன் டிவிக்குத்தான் பெர்மிஷன் தந்திருக்கான். டேப்லெட்டுக்குத் தனி கனெக்‌ஷன் எடுங்க. இல்லேன்னா இப்பவே கட்."

சாயங்காலம் கிரிக்கெட் இறுதி ஆட்டம். அதற்காகவே ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிற செல்வதுரை விடுவாரா?

"ஏலே, அதுல படம் தெரியுதா?"

"தெரியுது."

"சத்தம் கேக்குதா?"

"கேக்கு."

"நடுவுல சோப்பு விளம்பரம் வருதா?"

"வருது."

"அப்புறம் அது டிவி இல்லாம அம்மிக்கல்லாலே? டேப்லெட்டும் டிவிதான்!"

யாரோ கைதட்டினார்கள். கேபிள்காரனை ஒருத்தராவது மடக்கமாட்டாரா என்று எல்லோருக்கும் வெகுநாள் ஆசை. செல்வதுரைக்குத் தலைகால் புரியவில்லை.

"எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் வாரேன். பைபிள் மேல கை வச்சுச் சொல்லுதேன், அது டிவிதான்!"

செந்தூர்வேல் முனகிக்கொண்டே ஏணியிலிருந்து இறங்கத் தொடங்கினான்.

அப்போதுதான் எதிர்வீட்டு ஜெபசுதா டீச்சர் நிதானமாகக் கேட்டாள். "அண்ணாச்சி, அப்போ உங்க வீட்ல டிவி இருக்கா?"

தெரு மொத்தமும் டீச்சர் பக்கம் திரும்பியது. அவள் விடவில்லை.

"போன மாசம் சர்ச் கன்வென்ஷன் கூட்டத்துல, 'டிவிங்கிற பிசாசை ஆண்டவருக்காக வீட்டை விட்டே அனுப்பிட்டேன்'னு அழுது சாட்சி சொன்னிய. அதைக் கேட்டுத்தான எங்க வீட்டுக்காரவ எங்க டிவியைத் தூக்கிப் போட்டாவ? நான் ஒரு நியூஸ்கூடப் பார்க்க வழியில்லாமக் கெடக்கேன்."

அடுத்த வாரம் திருச்சபைத் தேர்தல். செல்வதுரை அதில் வேட்பாளர்.

"டீச்சர்... அது டிவி இல்ல. வெறும் டேப்லெட்."

"அதைத்தான அண்ணாச்சி நானும் தொண்டை கிழியக் கத்துதேன்!" செந்தூர்வேல் விறுவிறுவென்று மறுபடி ஏறினான். "கட் பண்ணிரட்டா?"

"ஏலே, இருலே! இரு!"

டிவி என்றால் சாட்சி போச்சு. டிவி இல்லை என்றால் மேட்ச் போச்சு. வேறு வழி தெரியாமல் மனைவி கிருபையைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிருபை வெளியே வந்தாள். டிவி வீட்டை விட்டுப் போனதிலிருந்து ஒரு சீரியல்கூடப் பார்க்காதவள். அந்த டேப்லெட்டை அவள் தொட்டதுகூடக் கிடையாது, பாவம். ஆனாலும் கட்டினவரை நடுத்தெருவில் விட்டுக்கொடுக்க முடியுமா?

"இறங்குங்க தம்பி. அவிய முதல்ல சொன்னதுதான் நெசம், அது டிவிதான். எங்க அப்பா சீதனமாக் குடுத்த டிவியை எக்ஸ்சேஞ்சுல போட்டுத்தான அந்த டேப்லெட்டை வாங்குனாவ!"