மோட்சத்துப் பணிப்பெண்

எஜமானி லுகில்லாவும் அவளுடைய அடிமைப்பெண் தமுதாவும் கிறிஸ்துவை மறுதலிக்காததால் ஒரே நாளில் அரங்கில் சிறுத்தைக்கு இரையாக்கப்பட்டார்கள். எலும்புகளைப் பிரிக்க முடியாமல் சேர்த்தே புதைத்தார்கள். கல்லில் லுகில்லாவின் பெயரை மட்டும் வெட்டினார்கள்.

அவர்களுடைய நினைவுத் திருநாளன்று ஆயர் பிரசங்கித்தார்: "மோட்சத்திலும் அந்த அடிமைப்பெண் தன் எஜமானிக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறாள்."

கூட்டம் நெகிழ்ந்து அழுதது. தமுதாவின் தாய் பிர்சா இன்னமும் லுகில்லாவின் வீட்டு அடிமைதான். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சாமி, அங்கயும் எம் மவதான் தண்ணி தூக்குறாளா?"

"அது பெரிய பாக்கியம் அம்மா" என்றார் ஆயர்.

"அங்க ஆண்டையும் இல்ல, அடிமையும் இல்லன்னு சொல்லிட்டுத்தானே சாமி அவ சிரிச்சுக்கிட்டே போனா?"

ஆயர் பாடகர்களைப் பார்த்துக் கையசைத்தார். பாட்டு கோயிலை நிறைத்தது. பிர்சாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.