கம்பியின் உயரம்

டிராவல்ஸ்காரன் மூன்று கம்பெனிக் கப்பல்களின் படங்களையும் மேஜையில் பரப்பி, எதில் நீச்சல்குளம் பெரியது, எதில் சாப்பாடு நல்லது என்று சொல்லிக்கொண்டே போனான். மரியபுஷ்பத்தின் காதில் எதுவும் ஏறவில்லை. இப்படியொரு கப்பலில் சமையல் வேலைக்குப் போன மகன் ரூபன், மேல்தளத்தில் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டான் என்று கம்பெனியிலிருந்து போனில் சொன்னதோடு சரி. கப்பலின் பெயர்கூட அவள் வாயில் நுழையாது, பாவம். இதெல்லாம் டிராவல்ஸ்காரனுக்குத் தெரியாது.

“ஓரத்துக் கம்பி எவ்வளவு உயரம், தம்பி? எங்க மகன் இவரு உயரந்தான்” என்று பக்கத்திலிருந்த கணவர் அருளப்பனை எழுந்து நிற்கச் சொன்னாள்.

அவன் சிரித்துக்கொண்டே வந்து அருளப்பனின் நெஞ்சுக்குழியில் கைவைத்துக் காட்டினான். “இதுவரைக்கும் வரும். எப்படி வழுக்குனாலும் உள்ளதாம்மா விழணும். தானா ஏறிக் குதிச்சா உண்டு, இல்ல நாலு பேரு தூக்கிப் போடணும்.”

அவள் அடுத்த படத்தை இழுத்தாள். “இந்தக் கம்பெனிக் கப்பல்ல?”

“அதே உயரந்தான்.”

“இதுல?”

“எல்லாத்துலயும் அதேதாம்மா. தைரியமா மகனையும் கூட்டிட்டுப் போங்க.”

அவன் கையை எடுத்த பிறகும், அது இருந்த இடத்தையே அருளப்பன் குனிந்து பார்த்தபடி நின்றார்.

“கொஞ்சம் தாழ்வா ஒரு கப்பல்கூட இல்லையா, தம்பி?” என்றாள் மரியபுஷ்பம்.